குறுக்கே விழுந்தவர்

அந்த மைதானத்தில் ரத்தம் பார்க்காத வாரம் கிடையாது. மைதானம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். மூடிப்போன ஒரு கிடங்கின் பின்னால் சரளைக்கல்லும் பாட்டில் சில்லுமாகக் கிடந்த பொட்டல் அது. ஒரு பக்கம் கிடங்குச் சுவர், இன்னொரு பக்கம் சாக்கடை, இரண்டு முனையிலும் கோல் கம்பத்துக்குப் பதிலாகத் துருப்பிடித்த தார் டிரம்கள். சாயங்காலம் வேலை விட்டதும் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். வந்தவர்களில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறி ஆள் எடுப்பார்கள். ஒரு டீம் சட்டையைக் கழற்றிவிடும், இன்னொன்று சட்டையோடு ஆடும். அவ்வளவுதான் சீருடை. நேற்று உன் மூக்கை உடைத்தவன் இன்றைக்கு உனக்குப் பந்தைத் தள்ளிக் கொடுப்பான். இன்றைக்குத் தோளில் கை போட்டவன் நாளைக்கு விலாவில் முழங்கையை இறக்குவான். பகலெல்லாம் முதலாளியிடமும் மேஸ்திரியிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டதை ஒருவர் முழங்காலில் ஒருவர் கொட்டித் தீர்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

இந்தக் கூட்டத்தில் கோல் காக்க நின்றவர் தெருமுனைக் கறிக்கடைக்காரர். எல்லோரும் அவரைக் கோலி என்றுதான் கூப்பிட்டார்கள். கோல் காத்ததால் வந்த பேர் என்று சிலர் சொல்வார்கள். அவருடைய வழுக்கைத் தலையைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. வழவழவென்று உருண்டையாக, விளையாடுகிற கோலிக்குண்டை அப்படியே பெரிதாக்கி உடம்பின்மேல் வைத்தது போல இருக்கும்.

கோலில் நிற்பது யாருக்கும் பிடிக்காத வேலை. கோல் போட்டவனுக்குப் பேர், விட்டவனுக்கு வசவு. கோலி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "விடிஞ்சதுலேர்ந்து நின்னு நின்னு முட்டி செத்துப் போச்சு. என்னால ஓட முடியாது. ஆனா விழச் சொன்னா எத்தனை தடவை வேணா விழுவேன்," என்பார். சொன்னபடியே விழுந்தார். ஒருமுறை எதிராளியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடிக்கப் போய், பூட்ஸ் முனை வாயில் இறங்கி முன்பல் இரண்டும் கையோடு வந்துவிட்டன. பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாயில் ரத்தம் ஒழுக அவர் கேட்ட முதல் கேள்வி, "பந்து உள்ள போச்சா?"

யார் சொதப்பினாலும் "என் தப்பு, நான் குரல் குடுத்திருக்கணும்" என்று தன் தலையில் போட்டுக்கொள்வார். சாக்கடையில் பந்து விழுந்தால் முட்டி செத்த மனுஷன்தான் முதலில் இறங்குவார். ஆள் எடுக்கும்போது யாருக்கும் வேண்டாத சோப்ளாங்கி ஒருவன் கடைசியில் தலைகுனிந்து நிற்பான் அல்லவா, அவனை "இங்க வா ராசா, எனக்கு முன்னாடி நில்லு" என்று தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அதனால் அவர் இருக்கிற டீம் பெரும்பாலும் தோற்கும். ஆனாலும் ஆள் எடுக்கிற இரண்டு பேரும் முதலில் அவர் பேரைத்தான் சொல்வார்கள்.

அந்தக் கடைக்கு அவர் மீசை முளைக்காத வயதில் தரை கழுவ வந்தவர். பழைய முதலாளிக்கு வாய் பேசுவதற்குமுன் கை பேசும். கடையாளையும் அடிப்பார், பெற்ற பிள்ளையையும் அடிப்பார். ஆனால் ஆள் தெரிந்தவர். தன் பெண்ணைக் கோலிக்குக் கட்டிவைத்து, கடையையும் அவர் கையில் விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். கடையோடு வந்த இன்னொரு சொத்து மச்சினன், மனைவியின் தம்பி. அப்பன் கை அப்படியே வந்திருந்தது அவனுக்கு. வேலையில் சூரன். தொடை எலும்பை ஒரே வெட்டில் இரண்டாக்குவான், மறுவெட்டு போட்டு யாரும் பார்த்ததில்லை. வெட்டுவதற்கு எதுவும் இல்லாத நேரத்தில்தான் அவனோடு பிரச்சினை. கை முந்தும், புத்தி பிந்தும். சாயங்காலம் அவனைச் சும்மா விட்டால் எங்கேயாவது வம்பை விலைக்கு வாங்கி வருவான் என்றுதான் கோலி அவனையும் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஓடி ஆடிக் களைத்தால் அடங்குவான் என்று ஒரு நம்பிக்கை.

அன்றைக்கு மச்சினன் கோலியின் டீம். லோடுமேனும் அதே டீம். லோடுமேன் என்றால் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மூன்று மூட்டையை ஒன்றாக முதுகில் ஏற்றிக்கொண்டு பீடியும் பிடித்துக்கொண்டு நடப்பார். அவருடைய தம்பி பெயிண்டர் எதிர் டீமில். ஒல்லிக்குச்சி. ஏணிமேல் நின்றே பழகிய கால்கள் தரையில் நிற்காது. பந்தோடு அவன் ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பெயிண்டர் மச்சினனின் இரண்டு காலுக்கும் நடுவில் பந்தைத் தட்டிவிட்டு, சுற்றிப் போய் எடுத்துக்கொண்டான். எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். அடுத்த தடவையும் அதே வித்தை. இந்த முறை லோடுமேனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எப்பா, உன் காலுக்கு நடுவுல லாரியே போகும் போல இருக்கே! கதவச் சாத்துடா கொஞ்சம்!"

சொந்த டீம்காரரே சிரித்தது மச்சினனுக்குத் தாங்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கோலில் நின்ற கோலிக்கு அந்த முதுகைப் பார்த்தாலே உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியும்.

"விடுடா! பந்தப் பாரு, ஆளப் பாக்காத!" என்று கத்தினார்.

பெயிண்டர் மறுபடியும் வந்தான். இந்த முறை வித்தை ஒன்றும் காட்டவில்லை. பந்தை ஓரமாகத் தள்ளி, வேறொருவனுக்குக் கொடுத்தும்விட்டான். பந்து போன பிறகுதான் மச்சினன் குதித்தான். முன்னால் இரும்பு வைத்த வேலைப் பூட்ஸ். இரண்டு காலையும் சேர்த்து பெயிண்டரின் கணுக்காலில் இறக்கினான்.

அந்தச் சத்தம் கோலிக்குத் தெரிந்த சத்தம். தினமும் காலையில் கட்டைமேல் கேட்கிற சத்தம்.

பெயிண்டர் உடனே அலறவில்லை. உட்கார்ந்து தன் காலைப் பார்த்தான். பாதம் இருக்கவேண்டிய திக்கில் இல்லை. காலுறைக்கு மேலே தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று வெளியே நின்றது. அதற்கப்புறம்தான் அவன் அலறினான். கிடங்குச் சுவரில் பட்டு அந்த அலறல் திரும்பி வந்தது.

லோடுமேன் ஓடி வந்த வேகத்தில் குனிந்து ஒரு அரைச் செங்கல்லை எடுத்தார். மச்சினன் எழுந்து நிற்பதற்குள் காதுக்கு மேலே ஒரு அடி. மண்டை பிளந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கியது. தோளில் இன்னொரு அடி. பிறகு எல்லோரும் பாய்ந்தார்கள். சட்டை போட்டவன், கழற்றினவன் என்ற கணக்கெல்லாம் காற்றில் போயிற்று. பெயிண்டருக்காக அடித்தவர்கள் பாதி, பழைய பாக்கிக்கு அடித்தவர்கள் பாதி. யாரோ ஒருவன் பெல்ட்டைக் கழற்றி பக்கிளால் விளாசினான். மச்சினன் ஒருத்தன் கையைக் கடித்தான். சதை வாயோடு வந்தது.

கோலி உள்ளே புகுந்து லோடுமேனின் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார்.

"அண்ணே, அடிச்சது போதும்! உங்க தம்பி அங்க கெடக்கான் பாருங்க! மொதல்ல அவனப் பாருங்க!"

தம்பி என்ற சொல் காதில் விழுந்ததும் லோடுமேனின் கை தளர்ந்தது. செங்கல்லைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். கோலியும் கூடவே ஓடி, தன் சட்டையைக் கிழித்து, ஒரு பலகைத் துண்டை வைத்துப் பெயிண்டரின் காலைக் கட்டத் தொடங்கினார். லோடுமேன் முழங்காலிட்டுத் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கே அது நம்பிக்கையாக இல்லை. சுற்றி நின்றவர்கள் ஆட்டோ பிடிக்க ஓடினார்கள்.

கட்டுப்போட்டு முடித்து நிமிர்ந்தபோதுதான் மச்சினனைக் காணவில்லை என்பது கோலிக்கு உறைத்தது. சுவர் இடிந்த வழியாகப் போனால் தெரு. தெருவைத் தாண்டினால் கடை. கடையில் என்னென்ன எங்கெங்கே தொங்குகிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அவர் நினைத்து முடிப்பதற்குள் மச்சினன் சுவர் இடுக்கில் வந்துவிட்டான். கையில் எலும்பு வெட்டுகிற பெரிய கத்தி. அன்று காலையில்தான் கோலி அதைச் சாணை பிடித்திருந்தார். முகத்தில் பாதி ரத்தத்தில் மூழ்கியிருக்க, மிச்சப் பாதி வெளுத்துப் போயிருந்தது. ஓடவில்லை, நடந்து வந்தான். லோடுமேன் அவனுக்கு முதுகு காட்டிக் குனிந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டிய அகன்ற முதுகு.

கோலி எழுந்து குறுக்கே நின்றார்.

"மாமா, நகரு."

"கீழ போடு."

"என் மண்டயப் பொளந்துட்டான். ஒருத்தன் கேக்கல. நீயும் கேக்கல. நீ என் ஆளா, அவன் ஆளா?"

"ரெண்டு பேரும் என் டீம்தாண்டா இன்னிக்கி. கத்தியப் போடு."

"நகருன்னு சொன்னேன்!"

மச்சினன் அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, லோடுமேனின் பிடரியைக் குறிவைத்துக் கத்தியை ஓங்கினான். கோலி யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் டிரம்களுக்கு நடுவில் எப்படி விழுந்தாரோ அப்படியே பக்கவாட்டில் விழுந்து, இடது கையை நீட்டினார்.

மச்சினன் வெட்டு மறுவெட்டு கேட்காத வெட்டு. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் சரளைக்கல்மேல் போய் விழுந்தன. கத்தியின் முனை லோடுமேனின் முதுகில் ஒரு கோடு கிழித்துவிட்டு நின்றது.

வலி வரவில்லை. வலி வருவதற்குமுன் முடிக்கவேண்டிய வேலை இருந்தது. எழுந்து, வலது கையால் மச்சினனின் மணிக்கட்டைப் பற்றி முறுக்கி, அந்தக் கோலிக்குண்டுத் தலையால் அவன் மூக்கில் ஒரே முட்டு. எலும்பு நொறுங்கியது. கத்தி கீழே விழுந்தது. காலால் எட்டி உதைத்து அதைச் சாக்கடைக்குள் தள்ளினார். மச்சினன் மல்லாந்து விழ, அவன் நெஞ்சின்மேல் உட்கார்ந்து கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். அறைந்த ஒவ்வொரு முறையும் அறுந்த கையிலிருந்து ரத்தம் அவன் கண்ணிலும் வாயிலும் தெறித்தது.

"புத்தி வருமாடா? இப்பவாவது வருமா?"

அறைந்துகொண்டே அவர் அழுதார். வாழ்க்கையில் அவர் மனுஷனை அடித்தது அன்று ஒருநாள்தான்.

கத்தியைப் பார்த்துச் சிதறிய கூட்டம், கத்தி போனதும் திரும்பி வந்தது. இந்த முறை கையில் கல்லும் கட்டையும் இருந்தன. "கொல்லுடா அவன!" என்று யாரோ கத்தினார்கள். அது பேச்சுக்குச் சொன்னது அல்ல என்பது கோலிக்குப் புரிந்தது. எழுந்து தடுக்கத் தெம்பில்லை. அப்படியே குப்புறச் சாய்ந்து மச்சினனின் தலையைத் தன் வயிற்றுக்கடியில் அமுக்கிக்கொண்டார். முதல் கட்டை தோளில் விழுந்தது. பிறகு விலாவில் உதை. இன்னொரு உதை. உள்ளே எதுவோ முறிந்தது.

"நகருங்கண்ணே! அவனுக்காக நீங்க ஏன் வாங்குறீங்க?"

"நம்ம கூட ஆட வந்தவன்டா... விடுங்கடா..."

மூச்சு அதற்குமேல் வரவில்லை. கடைசியில் நிறுத்தியவர் லோடுமேன்தான். முதுகில் ரத்தம் வழிய எழுந்து வந்து, அருகில் நின்றவனைத் தூக்கி எறிந்தார்.

"யார மிதிக்கிறீங்க? அது கோலிடா! கண்ணு அவிஞ்சு போச்சா? எனக்கு விழ வேண்டிய வெட்டு அது!"

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஆட்டோவில் பெயிண்டரும் கோலியும் போனார்கள். விரல் இரண்டையும் யாரோ பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். மண்ணும் சரளையும் ஒட்டி, நசுங்கியும் போயிருந்ததால் டாக்டர் பார்த்துவிட்டு ஒட்ட முடியாது என்று தலையாட்டினார். "மண்ணு பட்டத நானே விக்க மாட்டேன், அவரு எப்படி ஒட்டுவாரு," என்றார் கோலி. பெயிண்டர் அந்த வலியிலும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக மறுபடி அலறினான்.

மச்சினனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. மனைவி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள், தொட்டாள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, கடையில வெட்டிக்கிட்டேன்னு சொல்லிடுங்க. அந்தப் பையனுக்கு விளையாட்டுல கால் உடைஞ்சிச்சு. நடக்காததா? அவன் உள்ள போனா திரும்பி மனுஷனா வர மாட்டாங்க."

அடுத்த கட்டிலில் பெயிண்டரின் கால் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் லோடுமேன் உட்கார்ந்திருந்தார். அவள் எவ்வளவு தாழ்த்திச் சொன்னாலும் அந்த அறையில் எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். லோடுமேன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது கோலி ஒன்றையும் மறைக்கவில்லை. பூட்ஸைச் சொன்னார், கத்தியைச் சொன்னார், தான் மூக்கை உடைத்ததைச் சொன்னார். லோடுமேன் எடுத்த செங்கல்லையும் சொன்னார். அதைச் சொன்னபோது லோடுமேன், "ஆமா சார், நான்தான் அடிச்சேன்," என்று எழுந்து நின்றார். அவரையும் கொஞ்ச நாள் உள்ளே வைத்தார்கள். மச்சினனுக்குத் தண்டனை விழுந்தது.

வீட்டுக்கு வந்த அன்று சோற்றுத் தட்டு பறந்து வந்தது. அடுத்து டம்ளர், அது நெற்றியில் பட்டு வீங்கியது. கோலி நகரவில்லை.

"என் தம்பிய நீங்களே பிடிச்சுக் குடுத்துட்டீங்க!"

"அன்னிக்கி அவனப் பிடிக்கலன்னா இன்னிக்கி கொலைக் கேஸு."

"தெரியும்! எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க?" என்று அவர் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். உடைந்த விலாவில் குத்து இறங்கி அவருக்குக் கண் இருட்டியது. "அவன அடிக்க முடியல. எங்கப்பனும் செத்துட்டான். உங்கள அடிக்காம வேற யார அடிப்பேன்?"

குத்தி ஓய்ந்து அவள் அங்கேயே சரிந்து உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். சிதறிய சோற்றை இரண்டு பேரும் சேர்ந்தே கூட்டினார்கள். ஆனால் அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவரோடு அவள் அளந்துதான் பேசினாள்.

கடை பெரும் பாடாயிற்று. மூன்று விரலால் இறைச்சியை அழுத்திப் பிடித்து வெட்டுவது லேசான காரியமா? கத்தி வழுக்கி இருக்கிற விரலையும் கேட்டது. ஒருநாள் விடியற்காலையில் கடையைத் திறக்கப் போனால், வாசலில் லோடுமேன் உட்கார்ந்திருந்தார். வண்டியிலிருந்து உரித்த ஆட்டைத் தோளில் தூக்கி வந்து கொக்கியில் மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். மறுநாளும் வந்தார். அப்படியே அது வழக்கமாகிவிட்டது.

விலா கூடியதும் கோலி மைதானத்துக்குப் போனார். மறுபடியும் கோலில் நிற்கப் பார்த்தார். விரல் இல்லாத சந்தில் பந்து சோப்பு மாதிரி நழுவியது. அதனால் அவரை முன்னால் நிறுத்தினார்கள். ஓடவும் வராது, அடிக்கவும் வராது. "கோல்ல நிக்கும்போது கோல் விட்டாரு, இப்ப கோல் போடாம விடுறாரு, மொத்தத்துல விடுறதுதான் அவரு வேலை," என்று கேலி பேசினார்கள். பெயிண்டர் கால் விறைத்துப்போய் நடந்தான். ஏணி ஏற முடியாது. கைக்கு எட்டுகிற உயரம்வரை சுவர் அடித்துப் பிழைத்தான். அவனுக்கு மேலே மிச்சமிருக்கிற சுவரை இன்னொருவன் அடித்தான். சாயங்காலமானால் டிரம்மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு டீமையும் ஒரே மாதிரி திட்டுவான்.

மச்சினன் தண்டனை முடிந்து வெளியே வந்த வாரமே மைதானத்துக்கு வந்தான். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வராதே என்றும் கோலி சொல்லவில்லை. மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. காதுக்கு மேலே முடி முளைக்காத தழும்பு. அன்றைக்கு ஆள் எடுத்தவர்களில் ஒருவர் லோடுமேன். ஒவ்வொரு பேராகப் போய், கோலியையும் எதிர்ப் பக்கம் எடுத்துவிட்டார்கள். கடைசியில் மச்சினன் மட்டும் நின்றான். கோலி வாயைத் திறக்கப் போனார். தன் டீமில் ஆள் நிறைந்துவிட்டது என்று கண்டு மூடிக்கொண்டார். முறை லோடுமேனுடையது.

லோடுமேன் டிரம்மேல் இருந்த தம்பியைப் பார்த்தார். பெயிண்டர் தன் விறைத்த காலைத் தடவினான். பிறகு காறித் துப்பினான்.

"பின்னால போடு அவன. முன்னால விட்டா எனக்குப் பாக்க சகிக்காது."

"வாடா. சட்டையக் கழட்டு," என்றார் லோடுமேன்.

ஆட்டம் தொடங்கியது. எல்லோரும் அவனுக்காகவே காத்திருந்த மாதிரி, வந்தவன் போனவனெல்லாம் அவன் காலைத் தட்டினான். முட்டியில் தோல் உரிந்தது. அவன் எழுந்து எழுந்து நின்றான். கடைசியில் எதிர் டீமில் இருந்த வெல்டர், பந்து எங்கோ இருக்கும்போது, முழங்கையை மடக்கி அவன் வாயில் விட்டான். உதடு கிழிந்து ரத்தம் மார்பில் கொட்டியது.

மச்சினன் முஷ்டியை மடக்கினான். கழுத்து நரம்பு மறுபடியும் புடைத்தது. கோலிக்கு இல்லாத இரண்டு விரலும் சுரீரென்று வலித்தன. ஓடிப்போய்க் குறுக்கே விழலாம் என்று ஒரு கால் முன்னால் போயிற்று. ஆனால் அவர் எட்ட முடியாத தூரத்தில் இருந்தார்.

மச்சினன் வெல்டரையே பார்த்தான். வாயில் இருந்த ரத்தத்தைத் தரையில் துப்பினான்.

"ஃபவுல்," என்றான். "எங்களுக்கு ஃப்ரீ கிக்."

லோடுமேன் மெதுவாக நடந்து வந்தார். வெல்டரின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு. அவன் சரளைமேல் உட்கார்ந்தான்.

"காது கேக்கலையா? ஃபவுலாம். இன்னொரு தடவ என் டீம்காரன் மேல கை வச்ச, அந்தக் கைய வச்சு நீ வெல்டிங் பிடிக்க மாட்ட."

அதற்குப் பிறகும் அடிதடிக்குக் குறைவில்லை. வெல்டருக்காக இரண்டு பேர் லோடுமேன்மேல் பாய்ந்தார்கள், டிரம்மேல் இருந்து பெயிண்டர் அம்மா அக்காவையெல்லாம் இழுத்தான், பந்து இரண்டு தடவை சாக்கடைக்குப் போனது. இருட்டுவதற்கு முன்னால் கோலிக்குத் தனியாக ஒரு பந்து கிடைத்தது. எதிரே கோல்கீப்பர்கூட இல்லை, சாக்கடையில் பந்து எடுத்த சேற்றைக் கழுவப் போயிருந்தான். கோலி ஓங்கி உதைத்தார். பந்து கிடங்குச் சுவரைத் தாண்டிப் போயிற்று. இரண்டு டீமும் ஒற்றுமையாகத் திட்டின.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் தம்பியின் உதட்டைத்தான் பார்த்தாள்.

"யாருடா அடிச்சா?"

"விளையாட்டுல பட்டுச்சுக்கா."

அவள் நம்பவில்லை. கணவனின் கையைப் பார்த்தாள், பிறகு தம்பியின் கையைப் பார்த்தாள். விரல் கணுக்களில் காயம் ஒன்றும் இல்லை.

"நீ திருப்பி அடிக்கலையா?"

"ஃபவுல் கேட்டான்," என்றார் கோலி. "குடுத்தாங்க."

"குடுத்து?"

"அதையும் இவன்தான் அடிச்சான். சுவத்துல போய்ப் பட்டுச்சு."

அவள் உள்ளே போய் வெந்நீர் வைத்தாள். பஞ்சை நனைத்து வந்து தம்பியின் உதட்டில் அழுத்தினாள், கொஞ்சம் வேண்டுமென்றே பலமாக. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் அவள் கணவனைப் பார்த்து, "நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க, கால நீட்டுங்க, முட்டிக்கு ஒத்தடம் குடுக்கிறேன்," என்றாள்.